ஆறு நாள் சோரியாசிஸ்

எட்டு வாரம் நிறைந்த ஒரு வெள்ளைச் சுண்டெலியின் முதுகு மயிரை மழிக்கிறார்கள். இமிக்விமோட் என்ற மருந்து 5 விழுக்காடு கலந்த களிம்பை நாளொன்றுக்கு 62.5 மில்லிகிராம் வீதம் முதுகிலும் ஒரு காதிலும் தடவுகிறார்கள். மூன்றாம் நாளுக்குள் தோல் சிவக்கிறது, பிறகு தடிக்கிறது, வெள்ளைச் செதில் எழும்புகிறது. சிவப்புக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண். தடிப்புக்கும் செதிலுக்கும் அப்படியே. கூட்டினால் அதிகபட்சம் 12. ஐந்தாறு நாளில் சோதனை முடிந்துவிடும். இடையில் கொடுத்துவந்த புதிய மருந்து இந்த மதிப்பெண்ணைக் குறைத்திருந்தால், சோரியாசிஸுக்கு நம்பிக்கையளிக்கும் மருந்து என்று கட்டுரை தயார்.

நெதர்லாந்தின் ராட்டர்டாமில் உள்ள எராஸ்மஸ் மருத்துவ மையத்தில் லெஸ்லி வான் டெர் ஃபிட்ஸும் குழுவினரும் 2009-இல் விவரித்த முறை இது. இன்று சோரியாசிஸ் ஆய்வில் இதைவிடப் பரவலாகப் புழங்கும் விலங்கு மாதிரி வேறில்லை. காரணம் எளிது. மரபணு மாற்றிய விலங்கு வேண்டாம், தோல் ஒட்டும் கைத்திறன் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். கடையில் கிடைக்கும் களிம்பும் சாதாரண ஆய்வகச் சுண்டெலியும் போதும்.

விலங்குகளை இப்படி வருத்தலாமா என்ற அறக்கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். வருத்திப் பெற்ற விடை நோயாளிக்கு உதவுகிறதா என்பதைத்தான் இங்கே எடைபோட வேண்டியிருக்கிறது. உதவாது என்றால் அறக்கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

முதலில் இந்த மாதிரிக்குச் சேர வேண்டிய பெருமையைக் கொடுத்துவிடுவோம். அது ஆய்வகக் கற்பனையில் பிறந்ததல்ல. இமிக்விமோட் களிம்பு மருக்களுக்கும் சிலவகைத் தோல் புற்றுநோய்களுக்கும் தரப்படும் மருந்து. சோரியாசிஸ் உள்ளவர்களுக்கு அதைத் தடவியபோது அடங்கியிருந்த நோய் கிளர்ந்தெழுந்ததை மருத்துவர்கள் கண்டார்கள். களிம்பு படாத இடத்திலும்கூடத் தடிப்பு வந்தது. மனிதரில் நோயைக் கிளப்பும் பொருள் சுண்டெலியிலும் கிளப்புமா என்று கேட்டது நியாயமான கேள்வி. ராட்டர்டாம் குழு அதோடு நிற்கவில்லை. நோய் எதிர்ப்புச் செல்களுக்கிடையே செய்தி கடத்தும் புரதங்களில் ஒன்றான இன்டர்லூக்கின்-23 இல்லாத சுண்டெலிகளையும், இன்டர்லூக்கின்-17ஐ ஏற்கும் புரதம் இல்லாத சுண்டெலிகளையும் வைத்து அதே சோதனையைச் செய்தார்கள். அவற்றில் நோய் சரியாகத் தலையெடுக்கவில்லை. மனித சோரியாசிஸின் முதுகெலும்பு என்று இன்று நாம் அறிந்திருக்கும் அதே 23–17 பாதை எலித்தோலிலும் ஓடுவதை இது காட்டியது. ‘சோரியாசிஸ் போன்ற அழற்சி’ என்று அளந்துதான் அவர்கள் எழுதினார்கள். பின்னால் வந்தவர்களில் பலர் அந்த அளவைக் கைவிட்டார்கள்.

பாதை ஒன்று என்பதால் நோய் ஒன்றாகிவிடுமா?

சோரியாசிஸ் ஏறத்தாழ மனிதருக்கே உரிய நோய். சுண்டெலிக்கு அது இயற்கையாக வருவதில்லை. வர வைக்கப் போனால் முதலில் குறுக்கே நிற்பது தோலே. சுண்டெலியின் மேல்தோல் இரண்டு மூன்று செல் அடுக்குகள்தான், முழுக்க மயிர்க்கால்கள், அடியில் மனிதருக்கு இல்லாத மெல்லிய தசைப்படலம். மனித மேல்தோல் பல அடுக்கு தடித்தது. அதன் அடிப்புறம் விரல்விரலாக உள்தோலுக்குள் இறங்கியிருக்கும். சோரியாசிஸ் வந்த தோலை நுண்ணோக்கியில் பார்க்கும் மருத்துவர் முதலில் தேடுவது இந்த விரல்கள் நீண்டிருப்பதைத்தான். மயிர் அடர்ந்த எலிமுதுகில் அந்த அமைப்பே கிடையாது.

அடுத்தது செல்கள். களிம்பு தடவிய எலித்தோலில் இன்டர்லூக்கின்-17ஐப் பெருமளவு சுரப்பவை உள்தோலில் இருக்கும் காமா-டெல்டா வகை டி செல்கள் (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள்) என்று 2011 வாக்கில் தெளிவானது. மனிதத் தடிப்பில் முக்கியப் பங்கு ஆல்ஃபா-பீட்டா வகை டி செல்களுக்கு, அதிலும் மேல்தோலுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும் சிடி8 செல்களுக்கு. இந்த நோய்க்கான மரபணுக் காரணிகளில் மிக வலுவானது எச்எல்ஏ-சி*06:02 என்ற வகை. சிடி8 செல்லுக்கு எதைத் தாக்குவது என்று எடுத்துக்காட்டும் மூலக்கூறு அது. சுண்டெலியிடம் அது இல்லை. நியூட்ரோஃபில்களைத் தோலுக்குள் இழுக்கும் இன்டர்லூக்கின்-8ம் இல்லை. மனித ரத்த வெள்ளணுக்களில் 50 முதல் 70 விழுக்காடு நியூட்ரோஃபில்கள். சுண்டெலியில் 10 முதல் 25 விழுக்காடுதான். ஆகவே பதினேழு சுரக்கிறது என்பது இரு பக்கமும் உண்மை. யார் சொல்லிச் சுரக்கிறது, எதைக் கண்டு சுரக்கிறது என்று கேட்டால் கதை பிரிந்துவிடுகிறது. அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தால்தான் நோயின் வேர் தெரியும்.

இதையெல்லாம் இனத்துக்கு இனம் உள்ள வேறுபாடு என்று ஒதுக்கிவிட்டாலும், சோதனைக்கு உள்ளேயே இருக்கும் கோளாறுகளை அப்படி ஒதுக்க முடியாது. பெரும்பாலான ஆய்வகங்கள் எடுத்தது ஆல்டாரா என்ற வணிகக் களிம்பை. இமிக்விமோட் எந்த ஏற்பியைத் தூண்டிச் செயல்படுவதாகச் சொல்லப்பட்டதோ, அந்த டிஎல்ஆர்7 இல்லாத சுண்டெலிக்கும் ஆல்டாரா தடவினால் தோல் அழற்சி வருகிறது என்று 2013-இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் ஒரு குழு காட்டியது. களிம்பின் அடிப்பொருளில் உள்ள ஐசோஸ்டியரிக் அமிலமே தன் பங்குக்குத் தோலைப் புண்படுத்துகிறது. ஆக, சில கட்டுரைகள் மருந்தின் விளைவு என்று அளந்ததில் ஒரு பகுதி மருந்தைத் தாங்கிய கொழுப்பின் விளைவு. இன்னொரு ஆய்வு 2016-இல் வந்தது. படித்தபோது சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. எலிகள் தம் முதுகையும் ஒன்றன் முதுகை மற்றொன்றும் நக்குகின்றன. நக்கினால் இமிக்விமோட் வயிற்றுக்குள் போகிறது. களிம்பு தடவிய எலிகளில் காணும் எடைக் குறைவு போன்ற உடல் முழுவதற்குமான விளைவுகளில் கணிசமானவை இப்படித் தின்றதால் வந்தவை. சோரியாசிஸ் தோலோடு நிற்காமல் இதயத்தையும் மூட்டையும் பாதிக்கும் நோய்தான். அதற்காக எலியின் எடைக் குறைவை அந்தக் கணக்கில் எழுதினால், களிம்பு தின்ற எலியின் உபாதையை நோயாளியின் உபாதையாக எண்ணிவிடுவோம்.

எந்த இன எலி என்பதும் முக்கியம். மிச்சிகனைச் சேர்ந்த ஆய்வாளர்களோடு சேர்ந்து இதில் தொடர்ந்து வேலை செய்துவந்த வில்லியம் ஸ்விண்டெல் குழு, பல இனச் சுண்டெலிகளுக்கு இதே களிம்பைத் தடவி அவற்றின் மரபணு வெளிப்பாட்டை மனிதத் தோலோடு ஒப்பிட்டு 2017-இல் வெளியிட்டது. சில இனங்களில் ஒப்புமை நன்றாகவே இருந்தது. சிலவற்றில் மிகச் சொற்பம். ஒப்புமை இருந்த இடத்திலும் அது சோரியாசிஸுக்கு மட்டும் உரியதாக இல்லை. வேறு காரணத்தால் அழன்ற மனிதத் தோலும் ஏறத்தாழ அப்படித்தான் இருந்தது. அடுத்த ஆண்டே ஒரு ஜெர்மானியக் குழு நேர்வழியில் போய், இமிக்விமோட்டை மனிதத் தோலிலேயே ஒட்டிப் பார்த்தது. வந்தது, 17-இன் சாயல் கொண்ட தீவிரத் தொடுகை அழற்சி. என்னைப் பொறுத்தவரை இந்த மாதிரிக்கு எதிரான மிகக் கடுமையான சான்று இதுதான். மனிதரிலேயே அந்தப் பொருள் முதன்மையாகக் கிளப்புவது வேறு அழற்சி என்றால், எலியில் கிளம்பியது சோரியாசிஸ் என்று எந்தத் துணிச்சலில் சொல்வது?

எந்த நேரத்தில் மருந்து கொடுக்கிறார்கள் என்பதைக் கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் தேடிப் படிக்க வேண்டும். களிம்பு தடவத் தொடங்கும் நாளிலேயே, சில நேரம் அதற்கு முன்பே, சோதனை மருந்தும் தொடங்கிவிடுகிறது. இன்னும் வராத அழற்சியைத் தடுப்பது ஒன்று. இருபது வருடம் முழங்காலில் ஊறிப்போன தடிப்பைக் கரைப்பது வேறு. மருத்துவமனைக்கு வருபவர் இரண்டாம் வகை. அதோடு சிவப்பையும் செதிலையும் கண்ணால் பார்த்துத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். எந்த எலிக்கு மருந்து போனது என்பது மதிப்பெண் போடுபவருக்குத் தெரியாமல் மறைக்கப்பட்டதா என்று கட்டுரை சொல்லவில்லை என்றால், அந்த 12-க்கு எவ்வளவு மதிப்பு கொடுப்பது என்பது வாசகர் விருப்பம்.

இதே தராசில் சோரியாசிஸ் சிகிச்சையின் உண்மை வரலாற்றையும் வைத்துப் பார்க்கலாம். 1951-இல் கப்னரும் சகாக்களும் மூட்டுவாதத்துக்கு அமினோப்டெரின் கொடுத்தபோது, நோயாளியின் சோரியாசிஸ் தணிவதைக் கண்டார்கள். சோரியாசிஸ் மருந்தான மெதோட்ரெக்சேட்டுக்கு வழிவிட்டது அதுதான். 1979-இல் முல்லரும் ஹெர்மனும் சைக்ளோஸ்போரின் கொடுத்தது மூட்டுவலிக்கு, தெளிந்தது தோல். குடல் நோய்க்காக இன்ஃப்ளிக்சிமாப் ஏற்றிக்கொண்ட ஒருவரின் சோரியாசிஸ் மறைந்ததை 2000-இல் பதிவுசெய்தார்கள். மூன்றிலும் முதல் குறிப்பு நோயாளியிடமிருந்து வந்தது. சோரியாசிஸ் எலி எதுவும் அங்கே இல்லை. இந்த நோய் தோல் செல்களின் கோளாறா, நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கோளாறா என்ற நெடுநாள் விவாதத்தைத் திருப்பிவிட்டதும் மனிதச் சோதனைதான். கிளர்ந்த டி செல்லை மட்டும் கொல்லும் ஒரு நச்சுப் புரதத்தை காட்லிப் குழு 1995-இல் 10 நோயாளிகளுக்குக் கொடுத்தது. பெரும்பாலோருக்கு நோய் குறைந்தது. மேல்தோலில் எந்த வேலையும் இல்லாத மருந்து மேல்தோலின் நோயைத் தணித்தது.

இத்தோடு நிறுத்தினால் வழக்கு விலங்குக்கு எதிராகத் தீர்ந்துவிடும். அப்படி முடிப்பது நேர்மையாகாது. இன்டர்லூக்கின்-23 கதை குறுக்கே நிற்கிறது.

இன்டர்லூக்கின்-12 என்ற சைட்டோகைனில், அதாவது செய்திப் புரதத்தில், இரண்டு துண்டுகள்: பி40, பி35. 1990களில் சோரியாசிஸும் அதையொத்த நோய்களும் 12-இன் கைவரிசை என்றே கருதப்பட்டன. பி40ஐத் தடுக்கும் ஆன்டிபாடி அந்த எண்ணத்தில்தான் உருவானது. 2000-இல் கலிஃபோர்னியாவின் டிஎன்ஏஎக்ஸ் ஆய்வகம், அதே பி40 வேறொரு துண்டான பி19-உடன் சேர்ந்து இன்டர்லூக்கின்-23 ஆகவும் இயங்குவதைக் கண்டது. அப்படியென்றால் பி40ஐ நீக்கிச் செய்த பழைய சோதனைகள் எந்தச் சைட்டோகைனின் கணக்கு? 2003-இல் டேனியல் குவாவும் சகாக்களும் சுண்டெலியில் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். பி35 இல்லாத எலிக்கு மூளை அழற்சி வந்தது. பி19 இல்லாத எலிக்கு வரவில்லை. குற்றவாளி 23 என்று தெரிந்தது. மறு ஆண்டு நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் க்ரூகரின் ஆய்வகம் சோரியாசிஸ் தடிப்புகளிலிருந்து எடுத்த மனிதத் தோலைச் சோதித்தது: பி19ம் பி40ம் கூடியிருந்தன, பி35 கூடவில்லை. பி40ஐத் தடுக்கும் உஸ்டெகினுமாப் 2009-இல் ஒப்புதல் பெற்றது. பி19ஐ மட்டும் குறிவைக்கும் குசெல்குமாப் 2017-இல் வந்தது. அதன் பெரிய சோதனையில், 16 வாரத்தில் நோய் 90 விழுக்காடோ அதற்கு மேலோ தணிந்தவர்கள் 73 விழுக்காட்டினர். அதோடு ஒப்பிட்ட மற்றொரு மருந்தான அடாலிமுமாப்பின் பிரிவில் 50 விழுக்காட்டினர். சிலருக்காவது குணம் என்று சொல்லத்தக்க நிலையை எட்டிய மருந்து வரிசை இது. அந்த வரிசையின் தொடக்கத்தில் ஒரு சுண்டெலி இருப்பதை மறுக்க முடியாது.

ஆனால் அது எந்தச் சுண்டெலி? குவாவின் எலிகள் சோரியாசிஸ் மாதிரியே அல்ல. மூளையையும் தண்டுவடத்தையும் பாதிக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கான மாதிரி அவை. அந்த நோய்க்கு உஸ்டெகினுமாப் கொடுத்துப் பார்த்தபோது, 2008-இல் வெளியான இரண்டாம் கட்டச் சோதனையில் பலன் எதுவும் தெரியவில்லை. எந்த நோயின் பெயரைத் தாங்கியதோ அந்த நோயில் தோற்றது. தான் எதையும் சொல்லாத நோயில் வென்றது. இங்கே எலி கொடுத்தது எந்த மூலக்கூறு எதைத் தூண்டுகிறது என்ற இயக்கக் கணக்கு. மருந்து இன்ன நோயில் பலிக்கும் என்ற முன்னறிவிப்பை அது கொடுக்கவில்லை. கொடுத்ததாக நம்பியவர்கள் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் ஏமாந்தார்கள். என் முடிவு பெருமளவு இந்த ஒரு சம்பவத்தில்தான் ஊன்றி நிற்கிறது.

முன்னறிவிப்பில் எலி இரண்டு பக்கமும் பேசும் என்பதற்கு இன்டர்லூக்கின்-17ஏ இன்னொரு சாட்சி. அதைத் தடுக்கும் செகுகினுமாப் சோரியாசிஸில் அற்புதமாக வேலை செய்தது. குடலின் கிரோன்ஸ் நோயில் கொடுத்தபோது நிலைமை மோசமானது என்று 2012-இல் அறிவித்தார்கள். எலிக்குடல் ஆய்வுகளில் 17 தீங்கு செய்கிறது என்று காட்டியவையும் இருந்தன, குடலைக் காக்கிறது என்று காட்டியவையும் இருந்தன. எந்தப் பக்கம் உண்மை என்பதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் மனிதர்கள், தம் குடலைப் பணயம் வைத்து.

மனிதத் தோலையே எலிமேல் ஒட்டும் மாதிரிகளுக்கு இதைவிட மேலான இடம் கொடுக்க வேண்டும். 1996-இல் ரோன்-ஸ்மித்தும் பிரையன் நிக்கலாஃபும் நோய் எதிர்ப்பு இல்லாத எலிமேல் மனிதத் தோலை ஒட்டி, நோயாளியின் வெள்ளணுக்களைச் செலுத்தி, தடிப்பை வரவழைத்தார்கள். 2004-இல் ஓனுர் பாய்மன், ஃபிராங்க் நெஸ்லே குழு இன்னும் ஒரு படி போனது. நோயாளியின் உடலில் தடிப்பு இல்லாத, பார்வைக்கு நலமான இடத்திலிருந்து தோலை எடுத்து, ஏஜிஆர்129 என்ற எலிமேல் ஒட்டினார்கள். வெளியிலிருந்து செல் எதுவும் செலுத்தவில்லை. சில வாரங்களில் அந்தத் தோலில் சோரியாசிஸ் தானே மலர்ந்தது. நலமாகத் தெரியும் தோலிலேயே நோயின் விதை தங்கியிருக்கிறது, அந்த விதை தோலில் குடியிருக்கும் டி செல் என்பது அதிலிருந்து கிடைத்த பாடம். எலி இங்கே நோயாளி அல்ல; நோயாளியின் தோல் உயிரோடிருக்க இடம் கொடுத்த நிலம். களிம்பு மாதிரிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இந்த மாதிரியும் சறுக்கியது. இதே எலியில் இன்டர்ஃபெரான்-ஆல்ஃபாவைத் தடுத்தால் தடிப்பு வருவதே இல்லை என்று 2005-இல் காட்டினார்கள். நம்பிக்கையோடு அதைத் தடுக்கும் எம்இடிஐ-545 என்ற ஆன்டிபாடியை நாள்பட்ட சோரியாசிஸ் உள்ளவர்களுக்குக் கொடுத்தார்கள்; 2010-இல் வந்த முடிவில் பலன் இல்லை. எலி பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. நோய் எப்படித் தொடங்குகிறது என்று கேட்டதற்கு அது பதில் சொன்னது. தொடங்கிவிட்ட நோயை எது தாங்கி நிற்கிறது என்று நோயாளிகளின் உடல் பதில் சொன்னது. முதல் பதிலை இரண்டாவது கேள்விக்குப் பொருத்தியது மனிதர் செய்த தவறு. தோல் கிடைப்பது அரிது, ஒட்டுவது கடினம், ஒவ்வொரு நோயாளியின் தோலும் வேறு என்ற காரணங்களால் இந்த மாதிரி சில ஆய்வகங்களைத் தாண்டவில்லை. மலிவானது பரவியது, தரமானது தங்கிவிட்டது.

மரபணு மாற்றிய எலிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டேட்3ஐ மேல்தோலில் ஓயாமல் இயங்க வைத்தது, ஜூன்-பி, சி-ஜூன் புரதங்களை மேல்தோலில் நீக்கியது, ரத்தநாள வளர்ச்சிக் காரணியைப் பெருக்கியது என வகை பல. மேல்தோலைத் தொட்டாலும் அழற்சி பிறக்கும், அழற்சியைத் தொட்டாலும் மேல்தோல் பெருகும் என்பதை இவை சேர்ந்து காட்டின. அது உண்மையான பங்களிப்பு. ஒரே மரபணுவைத் தட்டி வரவழைத்த நோய், பல மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து வரும் மனித நோய்க்கு மாற்றாகாது என்பதும் அவற்றைச் செய்தவர்கள் அறிந்ததே.

பாதுகாப்புக்கு விலங்குச் சோதனை வேண்டும் என்ற வாதம் நிற்கிறதா? எஃபாலிசுமாப்பை எடுத்துக்கொள்வோம். 2003-இல் சோரியாசிஸுக்கு ஒப்புதல் பெற்ற ஆன்டிபாடி. மனிதரின் சிடி11ஏ புரதத்தையும் சிம்பன்சியின் சிடி11ஏயையும்தான் அது பற்றும். சுண்டெலியில் வேலை செய்யாது. அதனால் எலிக்கென்று அதன் இணையைத் தனியாகச் செய்து சோதித்தார்கள். மருந்தை நீண்டகாலம் எடுத்தவர்களில் சிலருக்கு ஜேசி வைரஸ் மூளையைத் தாக்கியது. 2009-இல் மருந்து சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. ஜேசி வைரஸுக்கு இயற்கைப் புகலிடம் மனிதர் மட்டும்தான். எலியை எத்தனை ஆண்டு பார்த்திருந்தாலும் இந்த ஆபத்து தென்பட்டிருக்காது. ஈரலையோ சிறுநீரகத்தையோ நேரடியாக நச்சூட்டும் சிறிய மூலக்கூறுகளுக்கு விலங்குச் சோதனை இன்னும் தடுப்பு வேலியாக நிற்கிறது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. மனிதப் புரதத்தையே குறிவைக்கும் ஆன்டிபாடிகளில் அந்த வேலிக்கு ஓட்டைகள் அதிகம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 ஏப்ரலில் விலங்குச் சோதனையைப் படிப்படியாகக் குறைக்கும் திட்டத்தை ஆன்டிபாடிகளிலிருந்து தொடங்கியதில் வியப்பில்லை. அதற்கு முன்பே, 2022 டிசம்பரில், விலங்குச் சோதனை கட்டாயம் என்ற நிலையை அந்நாட்டுச் சட்டம் தளர்த்தியிருந்தது. இந்தியாவும் 2023-இல் தன் மருந்து விதிகளைத் திருத்தி விலங்கில்லா முறைகளுக்கு இடம் கொடுத்திருக்கிறது.

இந்தியா என்றதும் எலிவால் சோதனையைச் சொல்லாமல் விட முடியவில்லை. நம் மருந்தியல் கல்லூரிகளின் ஆய்வேடுகளில் இதற்குத் தனி இடமுண்டு. வளர்ந்த சுண்டெலியின் வாலில் செதில் உள்ள பகுதியில், சோரியாசிஸ் தடிப்பைப் போலவே, மேல்தோலின் குருணையடுக்கு இயல்பாகவே இல்லை. சோதனைப் பொருளை இரண்டு வாரம் வாலில் பூசி, வெட்டி, நுண்ணோக்கியில் பார்த்து, இரண்டு மயிர்க்கால்களுக்கு இடையே குருணையடுக்கு எவ்வளவு தூரம் உருவாகியிருக்கிறது என்று அளக்கிறார்கள். நீண்டிருந்தால் சோரியாசிஸுக்கு எதிரான பண்பு உண்டு என்று எழுதுகிறார்கள். கவனியுங்கள், அந்த வாலில் நோய் இல்லை. அழற்சி இல்லை, படையெடுத்த டி செல் இல்லை, இன்டர்லூக்கின்-17 இல்லை. நலமான வாலின் இயல்பை மாற்றியதுதான் அங்கே கிடைத்த வெற்றி. தோல் செல் முதிரும் விதத்தை மாற்றும் வைட்டமின் ஏ வகை மருந்துகளைச் சலிக்க இது பயன்படும். அதற்கு மேல் போகாது.

சித்த மருத்துவம் காளாஞ்சகப்படை என்று சொல்லும் இந்த நோய்க்கு வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து, எண்ணெய் ஊதா நிறம் கொண்டதும் பூசுவது தமிழ்நாட்டில் பழகிய வழக்கம். வெட்பாலையும் வேறு பல மூலிகைகளும் எலிவாலில் தேறியிருக்கின்றன. அந்தத் தைலம் பலருக்கு இதம் தரலாம். அரிப்பையும் வறட்சியையும் குறைக்கலாம். அதற்கு மேலும் செய்யலாம். செய்கிறதா என்று சொல்ல எலிவாலுக்குத் தகுதியில்லை. தைலம் பூச ஆயிரக்கணக்கானோர் ஏற்கெனவே தயாராக இருக்கும் நாட்டில், ஒரு முழங்கையில் தைலமும் மறு முழங்கையில் வெறும் தேங்காய் எண்ணெயும் பூசி, எது எது என்று பூசுபவருக்கும் பார்ப்பவருக்கும் தெரியாமல் எட்டு வாரம் ஒப்பிட முடியும். ஊதா நிறத்தை மறைப்பதுதான் கொஞ்சம் சிரமம். அதற்கும் வழி உண்டு. அதைச் செய்யாமல் வாலை வெட்டிக்கொண்டிருப்பது சித்த மருத்துவத்துக்கும் நியாயமல்ல, எலிக்கும் நியாயமல்ல.

மூளை நோயையும் இதய நோயையும் ஆராய்பவருக்கு இல்லாத ஒரு வசதி சோரியாசிஸ் ஆய்வாளருக்கு உண்டு. நோய் கண் முன்னால், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நோயாளி சம்மதித்தால் சில மில்லிமீட்டர் தோலை எடுக்கலாம், மருந்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிடலாம். ஒரே தடிப்பின் மேல் சிறு சிறு கட்டங்களாகப் பல பூச்சு மருந்துகளை வைத்து மூடி, பத்துப் பன்னிரண்டு நாளில் எது தடிப்பைக் குறைக்கிறது என்று அளக்கும் முறையை டூமாவும் ஷோல்ட்ஸும் 1972-லேயே விவரித்துவிட்டார்கள். அறுவையில் கழித்த மனிதத் தோலைக் கிண்ணத்தில் உயிரோடு வைத்து இன்டர்லூக்கின்-17ம் 22ம் சேர்த்துப் பார்க்கலாம். இவற்றுக்கும் குறைகள் உண்டு. கிண்ணத்துத் தோலுக்கு ரத்த ஓட்டம் இல்லை, புதிதாக வந்து சேரும் செல் இல்லை. ஆனால் அது மனிதத் தோல்.

இத்தனையும் வைத்து என் தீர்ப்பு இப்படிப் போகிறது. 23–17 பாதையின் ஏதோ ஒரு கண்ணியில் ஒரு மூலக்கூறு உயிருள்ள தோலில் போய்ச் சேர்ந்து செயல்படுகிறதா என்று கேட்க இமிக்விமோட் சுண்டெலி தகும். ஆல்டாராவுக்குப் பதில் வெறும் இமிக்விமோட் அளவறிந்து கொடுக்கப்பட்டு, அடிப்பொருள் மட்டும் பூசிய எலிகள் ஒப்பீட்டுக்கு இருந்து, நக்குவது தடுக்கப்பட்டு, அழற்சி வந்த பிறகு மருந்து தொடங்கி, மதிப்பெண் மறைவாகப் போடப்பட்டிருந்தால் மட்டும். டாபினரோஃப் என்ற பூச்சு மருந்து எந்த ஏற்பி வழியாக வேலை செய்கிறது என்பதை, அந்த ஏற்பி இல்லாத சுண்டெலியை ஒப்பிட்டு 2017-இல் தெளிவுபடுத்தியது இதற்கு நல்ல உதாரணம். 2022-இல் அந்த மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது மனிதச் சோதனைகளின் பலத்தில். எலி தன் இடத்தில் இருந்தது. ஒரு சாறு, ஒரு களிம்பு, ஒரு மூலக்கூறு சோரியாசிஸைக் குணப்படுத்தும் என்று சொல்ல அதே எலி தகாது. அந்த வாக்கியம் கட்டுரைத் தலைப்பில் வந்தால் இதழாசிரியர் அதை அடித்துவிட வேண்டும். எலிவால் சோதனையை நிறுத்திவிடலாம். மனிதத் தோல் ஒட்டிய எலி, கடினமானாலும், தொடக்கம் பற்றிய கேள்விகளுக்குத் தொடர வேண்டும்.

எந்த ஆறு நாள் மாதிரியும் தொடாத கேள்வி ஒன்று இன்று நோயாளிகள் முன் நிற்கிறது. புதிய ஊசிகள் பலருக்குத் தோலை ஏறத்தாழ முழுமையாகத் தெளிய வைக்கின்றன. நிறுத்தினால் பெரும்பாலோருக்கு நோய் திரும்புகிறது, பலருக்கு அதே இடத்தில், அதே எல்லைக்கோட்டுக்குள். தெளிந்த தோலில் தங்கிவிடும் நினைவு டி செல்கள் காரணமாக இருக்கலாம் என்று மனிதத் தோலில் செய்த ஆய்வுகள் சுட்டுகின்றன. அந்த செல்கள் எதைத் தின்று வாழ்கின்றன, எதைப் பிடுங்கினால் அழியும், நோய் தொடங்கி ஓராண்டுக்குள் ஊசி போட்டால் அவை தங்காமல் போகுமா? அடுத்த ஐந்தாண்டுக்கு ஆராய்ச்சிப் பணம் ஒதுக்குபவர்கள், ஊசி நிறுத்தும் நாளில் நோயாளி தரச் சம்மதிக்கும் தெளிந்த தோலுக்கும், ஆறு மாதம் கழித்து அதே இடத்திலிருந்து எடுக்கும் தோலுக்கும் முதலில் ஒதுக்க வேண்டும்.